நல்லா இல்லன்னு எழுது

ரூஃபஸ் பர்னெல் எரிவாயு நிறுவனத்தில் கசிவு பார்க்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷமாக இருந்தான். யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, "வீட்டுல ஏதோ நாத்தம் அடிக்குது" என்றால் வேனை எடுத்துக்கொண்டு போவான். நிலவறையில் இறங்கி, குழாய் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, கருவியை நீட்டிப் பார்த்துவிட்டு இரண்டே வார்த்தையில் ஒன்றைச் சொல்வான்: கசியுது, கசியல. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்குத் தூங்குவார்கள். அவன் சொன்னது தப்பென்று இதுவரை யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் அவன் கால் படாத தெரு இல்லை. அதனால் மதியச் சாப்பாட்டுக்கு அவனுக்கு நகரம் முழுக்கக் கடைகள் இருந்தன. நல்ல சாண்ட்விச் எங்கே கிடைக்கும் என்பதற்கு அவனிடம் சில கணக்குகள் உண்டு. வாசலில் கூரை வேலைக்காரர்களின் வண்டியும் தபால்காரரின் வண்டியும் ஒன்றாக நின்றால் இறங்கிப் பார்க்கலாம். கேட்ட பிறகுதான் இறைச்சி சீவும் சத்தம் வர வேண்டும், முன்னாடியே சீவி அடுக்கிவைத்த கடை என்றால் திரும்பிவிடலாம். சுவரில் சாண்ட்விச்சின் வண்ணப்படம் மாட்டியிருந்தால் கொஞ்சம் சந்தேகம். கல்லாவில் இருப்பவர் உன்னைப் பார்த்ததும் சிரித்தால் இன்னும் கொஞ்சம் சந்தேகம்.

கண்டுபிடித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. கைப்பேசியில் ஒரு பக்கம் ஆரம்பித்து 'பர்னெலின் பகல் சாப்பாடு' என்று பேர் வைத்தான். ஒரு படம், கடை முகவரி, மூன்று வரி. அதற்கு மேல் எழுத மாட்டான். முதலில் அவனோடு வேலை செய்பவர்கள் படித்தார்கள். ஆறு வருஷத்தில் நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். ஒரு தடவை வடக்குப் பக்கம் ஒரு கடைக்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டு, "உனக்கு எப்பவும் இலவசம்பா, நம்மளப் பத்தி நாலு நல்ல வார்த்தை போடு" என்றார். ரூஃபஸ் காசை மேடையில் வைத்துவிட்டு வந்தான். அந்தக் கடையைப் பற்றி நல்லதாகவும் எழுதவில்லை, கெட்டதாகவும் எழுதவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் பதினோராம் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ஒரு வீட்டுக்குக் கசிவு பார்க்கப் போனான். நிலவறையில் இறங்கி மூச்சை இழுத்தபோது எரிவாயு நாற்றம் இல்லை. பூண்டும் சோம்பும் வெந்து, பன்றிக் கொழுப்பு மெதுவாக உருகுகிற வாசனை. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"பக்கத்துல என்ன?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டான்.

"சவரேஸி கடை. தெரியாதா? இவ்வளவு நாள் எங்க குப்பை கொட்டினே?"

கடைக்குப் பெயர்ப் பலகை இருந்தது. அதில் பாதி எழுத்து உதிர்ந்து போயிருந்தது. உள்ளே நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். மேடைக்குப் பின்னால் ஃபிலோமினா சவரேஸி. அறுபத்து மூன்று வயது, குள்ளம், தலையில் வலை, காதில் பென்சில். அவளுக்குப் பின்னால் அடுப்பருகே அவளுடைய தம்பி நுன்ஸியோ. அண்ணன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முழு நீளப் பன்றித் தோளை எலும்போடு தூக்கி வைத்து இறக்கியே அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்துபோயிருந்தது.

"என்ன வேணும்?" என்றாள் ஃபிலோமினா.

"பன்றி இறைச்சி. கீரையோட. காரமான சீஸ்."

"காரமான சீஸ்னு தனியா சொல்லணுமா? இங்க வேற சீஸ் கேட்டவனை எங்கப்பா வெளிய அனுப்பினார்."

எள் தூவிய நீள ரொட்டி. அதைப் பிளந்து, முதல் நாள் வெந்து ராத்திரி முழுக்கத் தன் சாற்றிலேயே ஊறிக் கிடந்த இறைச்சியை மெல்லியதாகச் சீவி, மறுபடி சூடான சாற்றில் ஒரு முக்கு முக்கி அடுக்கினாள். அதன்மேல் பூண்டில் வதக்கிய கசப்புக் கீரை. ரூஃபஸ் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வேனின் முன்பக்கத்தில் வைத்துத் தாளைப் பிரித்தான். ரொட்டியின் மேல்தோல் பல்லுக்குக் கொஞ்சம் சண்டை கொடுத்தது. உள்பக்கம் சாற்றை வாங்கிக்கொண்டும் கரையாமல் இருந்தது. கொழுப்பின் இனிப்பு வாயை நிறைக்கிற நேரத்தில் கீரையின் கசப்பு வந்து அதைத் துடைத்தது. அப்புறம் சீஸின் காரம். மறுபடி கடிக்கத் தோன்றியது. பாதியில் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றான். தன் பக்கத்தில் எழுதிய முந்நூற்றுச் சொச்சம் கடைகளில் எதை இதற்குப் பக்கத்தில் வைப்பது என்று யோசித்தான். எதுவும் கிடைக்கவில்லை.

உள்ளே திரும்பிப் போனான். மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டதைக் கேட்டு அவனும் அப்படியே கூப்பிட்டான். "மிஸ் ஃபில், ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"என்னையா, சாண்ட்விச்சையா?"

"சாண்ட்விச்சை."

"அப்ப எடு. என்னை எடுத்தா வியாபாரம் படுத்துடும்."

அன்று மாலை மூன்று வரி எழுதினான். மூன்றாவது வரி: 'இந்த ஊரில் இதைவிட நல்ல சாண்ட்விச் நான் சாப்பிட்டதில்லை.' அப்படி ஒரு வரியை ஆறு வருஷத்தில் அவன் எழுதியதே கிடையாது. படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் வேலை வந்தபோது, சந்து முனையிலேயே வேனை நிறுத்த வேண்டியதாயிற்று. வரிசை கடையிலிருந்து புறப்பட்டு, முடிதிருத்தும் கடையைத் தாண்டி, முனை திரும்பிப் பதினோராம் தெருவில் போய் நின்றது. பக்கத்து மாநில எண் போட்ட கார்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி இளம் ஜோடிகள். ரூஃபஸுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. தான் சொன்ன வார்த்தைக்கு இத்தனை கால்கள் முளைத்து நடந்து வந்திருக்கின்றன என்பதை நேரில் பார்ப்பது சின்ன விஷயமா?

வரிசையின் கடைசியில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் பளபளக்கும் பச்சை மேலங்கி போட்ட ஒரு பெண், கக்கத்தில் 'நில்' என்று எழுதிய வட்டத் தட்டி. முனையிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைத் தெரு தாண்டி விடுகிறவள். திரும்பி அவனையும், அவன் சட்டையில் தைத்திருந்த பேரையும் பார்த்தாள்.

"பர்னெல். நீதானே அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"நடிக்காதே. பகல் சாப்பாடு."

ரூஃபஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"என் பேரு பேட்ஸி டோஹர்ட்டி. பதினெட்டு வருஷமா இங்க சாப்பிடறேன். எனக்கு இடைவேளை அரை மணி. போன மாசம் வரைக்கும் அந்த அரை மணியில நடந்து வந்து, வாங்கி, சாப்பிட்டு, ஃபில்கிட்ட ரெண்டு வம்பும் பேசிட்டுப் போவேன். இப்ப அரை மணியில இந்த முடிதிருத்தற கடை வரைக்கும் நகர முடியுது. அவ்வளவுதான். அப்புறம் திரும்பிப் போய் பிஸ்கட்டுல கடலை வெண்ணெய் தடவித் தின்னுட்டு மறுபடி தட்டியத் தூக்கறேன்."

"நல்ல கடைன்னு நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னுதான்..."

"எங்களுக்குத் தெரிஞ்சுதானேப்பா இருந்துது. நாங்க நாலு பேர் இல்லையா?"

பேட்ஸி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வரிசையை விட்டு விலகித் தட்டியோடு நடந்தாள்.

அவன் வாசலை எட்டுவதற்குள் பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஃபிலோமினாவின் கை வந்து அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தது. மூட்டை மூட்டையாக வெங்காயம் அடுக்கிய சின்ன அறை. கதவைச் சாத்திவிட்டு அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"எனக்கு ஒரு உதவி பண்ணு ராசா. நல்லா இல்லன்னு எழுது."

"எது நல்லா இல்ல?"

"சாண்ட்விச்சுதான். காஞ்சு போச்சு, உப்பு ஜாஸ்தி, கிழவி வாய் சரியில்ல, என்ன வேணா எழுது."

"கிழவி வாய் சரியில்லன்னு எழுதலாம். அது ஒண்ணுதான் உண்மை."

அவள் துண்டால் அவன் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "விளையாட்டு இல்ல. நுன்ஸியோவால வலது கையத் தலைக்கு மேல தூக்க முடியல. ஒரு நாளைக்கு ரெண்டு தோள் வேக வெச்ச அடுப்புல ஆறு வைக்கறோம். எனக்கு அறுபத்தி மூணு வயசு. பணக்காரியாகணும்னு இருந்தா முப்பதுலயே ஆகியிருப்பேன், அப்ப இடுப்பு நல்லா இருந்துது."

"தீர்ந்துபோச்சுன்னு கதவச் சாத்திடுங்களேன்."

"சாத்தினேனே! ஒருத்தன் ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்து நிக்கறான், கூட அவன் அம்மா சக்கர நாற்காலியில. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? வர்றவங்களுக்குப் போட்டுத்தான் பழக்கம், விரட்டிப் பழக்கம் இல்ல. நீ எழுதித்தானே வந்தாங்க, நீயே எழுதிப் போக வை."

"மிஸ் ஃபில், என்னால பொய் எழுத முடியாது."

"ஒரே ஒரு பொய்."

"ஒண்ணு எழுதினா மத்த முந்நூறையும் யாரு நம்புவாங்க? கசியற வீட்டுல கசியலன்னும் சொல்ல மாட்டேன். கசியாத வீட்டுல கசியுதுன்னும் சொல்ல மாட்டேன்."

"நான் என்ன குழாயா?" என்றாள் அவள். எழுந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு மேடைக்குப் போனாள். போகிற வழியில் அவனுக்கு ஒரு சாண்ட்விச் சுற்றிக் கொடுக்கவும் மறக்கவில்லை. அது முன்புபோலவே இருந்தது. அதனால் அவன் மனசு இன்னும் கனத்தது.

வீட்டில் மனைவி இவெட்டிடம் சொன்னான். இவெட் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் பார்க்கிற வேலை. அவளும் ஒரு வகையில் உண்டு, இல்லை என்று சொல்கிறவள்தான். "நீ சரியாத்தான் சொன்னே" என்றாள். ரூஃபஸுக்கு அப்போதைக்கு அது போதுமாக இருந்தது.

கோடைகாலம் போயிற்று. வேலை அவனை நகரத்தின் மேற்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனதால் சவரேஸி கடைப் பக்கம் அவனால் போகவே முடியவில்லை. அக்டோபரில் ஒரு நாள் போனான். வரிசை அப்படியேதான் இருந்தது, ஆனால் வேகமாக நகர்ந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போனபோது சீவும் சத்தம் கேட்கவில்லை. இறைச்சி முன்னாடியே சீவப்பட்டு ஒரு பெரிய தட்டில் நீராவியில் உட்கார்ந்திருந்தது. ஃபிலோமினா தலை நிமிராமல் ரொட்டியை நிரப்பினாள். யார் வந்தார்கள் என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

வெளியே வந்து கடித்தான். ரொட்டி பஞ்சுபோல அமுங்கியது. சாறு அதற்குள் இறங்கி, கையில் கூழாக வந்தது. இறைச்சி ஊறவில்லை. காலையில் வெந்ததை அன்றைக்கே சூட்டோடு அறுத்திருக்கிறார்கள், நார் நாராகப் பிய்ந்தது. கீரையில் பாதி தண்டு. அவன் அவசரப்படவில்லை. எல்லாக் கடைக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு என்று அடுத்த வாரம் மறுபடி போனான். அதற்கடுத்த வாரமும் போனான். மூன்றாவது தடவை அவன் முக்கால்வாசியைத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டான். அவனைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு, "அபாரம், அபாரம்" என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாள் பேசாமல் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது இவெட் கேட்டாள், "என்ன, வாயில பூட்டா?"

சொன்னான்.

"அப்ப எழுத வேண்டியதுதானே."

"எப்படி எழுதறது? அந்தம்மா கெஞ்சினப்ப முடியாதுன்னேன். இப்ப போய் எழுதினா..."

"அவ கேட்டப்ப சாண்ட்விச் நல்லா இருந்துது, பொய் எழுத மாட்டேன்னே. சரி. இப்ப நல்லா இல்ல, உண்மைய எழுத மாட்டேங்கறே. உன் நேர்மை என்ன, லீவு நாளுக்கு மட்டும் போட்டுக்கற சட்டையா ரூஃபஸ்?"

"அவங்க மனசு கஷ்டப்படும் இவெட்."

"நாற்பதாயிரம் பேர் இன்னும் உன் பேச்சைக் கேட்டு அங்க போய் நிக்கறாங்களே, அவங்க?" ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டே அவள் சேர்த்துச் சொன்னாள், "ஆனா எழுதறதுக்கு முன்னால அவகிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு எழுது."

முதல் பாதியை அவன் கேட்டான். இரண்டாவது பாதியைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை போகலாம் என்று நினைத்தான். திங்கட்கிழமை வேலை. செவ்வாய்க்கிழமையும் வேலை. உண்மையில் அந்த வெங்காய அறையில் நின்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. புதன்கிழமை வேனில் உட்கார்ந்தபடியே எழுதிவிட்டான்: 'சவரேஸி கடைக்கு மூன்று முறை போனேன். ரொட்டி வேறு, இறைச்சி அவசரத்தில் அறுத்தது. ஏப்ரலில் எழுதியது அன்றைக்கு உண்மை, இன்றைக்கு இதுதான் உண்மை.'

வெள்ளிக்கிழமை பத்தாம் தெருவில், தார் ரோட்டைத் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கிப் பழைய குழாய் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தான். மேலே ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், தலையில் வலையும் மாவு படிந்த உடுப்புமாக, குளிருக்கு மேலங்கிகூட இல்லாமல் ஃபிலோமினா.

"மேல வா."

ஏறினான். கூட வேலை செய்கிறவர்கள் மண்வாரியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"வரிசையில நின்ன ஒருத்தி படிச்சுக் காட்டறா. என் கடையில, எனக்கே. 'ஏம்மா, நீங்க ரொட்டிய மாத்திட்டீங்களாமே?'ன்னு."

"மிஸ் ஃபில், நேர்ல வந்து சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

"நேர்ல சொல்றது கிடக்கட்டும். எதுக்குடா எழுதினே?"

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க."

"நான் பொய்ய எழுதச் சொன்னேன்!" தெருவே திரும்பிப் பார்த்தது. "பொய்னா நான் தாங்குவேன். கடைய மூடிட்டு, நானும் நுன்ஸியோவும் அதப் படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம். இவனுக்கு நாக்கே இல்லன்னு சொல்லியிருப்போம். நீ உண்மைய எழுதிட்டியே. இத வெச்சுக்கிட்டு நான் எப்படிச் சிரிக்கறது?"

ரூஃபஸ் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான், "ரொட்டி எங்கேர்ந்து வருது?"

அவள் உடுப்பில் கையைத் துடைத்தாள். "நம்ம ரொட்டிக்காரர் நாற்பதுக்கு மேல தர மாட்டேன்னுட்டார். அவரு அடுப்பு அவ்வளவுதான். வெளியூர்க் கம்பெனிகிட்ட இருநூறு வாங்கறேன்." குரல் இறங்கியது. "முதல் நாளே நுன்ஸியோ சொன்னான், 'அக்கா, இது ரொட்டி இல்ல'ன்னு. நான் அவன் மேல கரண்டிய வீசினேன்."

"அப்ப உங்களுக்கே..."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தெரிஞ்சதாலதான் வீசினேன்."

அவள் திரும்பி நடந்தாள். பத்தடி போய் நின்று, "அந்தப் பலகையில இருக்கறது எங்கப்பா பேரு" என்றாள். அதை அவனைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரூஃபஸ் அந்தச் சந்துக்குப் போகவில்லை. தகவல் மட்டும் வந்துகொண்டிருந்தது. நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாளுக்குள் வரிசை முனை திரும்புவது நின்றது. கிறிஸ்துமஸுக்குள் பக்கத்து மாநிலக் கார்கள் நின்றன. அவன் கைப்பேசிப் பக்கத்தில் யாரோ, 'நல்லவேளை சொன்னீங்க' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் புதிதாக ஐந்து கடைகளைப் பற்றித்தான் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் படத்தை எடுத்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் வேனில் உட்கார்ந்திருந்தான்.

பிப்ரவரியில், தெருவோரம் பனி அழுக்காகக் குவிந்து கிடந்த ஒரு மதியம், பள்ளிக்கூட முனையில் அவன் வேனுக்கு முன்னால் 'நில்' தட்டி நீண்டது. தெருவைத் தாண்டப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. பேட்ஸி டோஹர்ட்டி மட்டும் நின்றிருந்தாள். ஜன்னலருகே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"பழைய ரொட்டிக்காரரோட ரொட்டி திரும்ப வந்தாச்சு. போய்ச் சாப்பிடு."

"நான் போனா வெளிய தள்ளிடுவாங்க."

"அது உன் பாடு. நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்." தட்டியை இறக்கினாள். "சீக்கிரம் போ. நாற்பதுதான்."

கடையில் நான்கு பேர் நின்றார்கள். ரூஃபஸ் கதவுக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்று உள்ளே போனான். இறைச்சி சீவும் சத்தம் கேட்டது. ஃபிலோமினா அவனைப் பார்த்தாள். முதன்முதலாக வந்தவனைக் கேட்பதுபோல, "என்ன வேணும்?" என்றாள்.

"பன்றி இறைச்சி. கீரையோட."

சீஸைப் பற்றி அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுக்கி, சுற்றி, கொடுத்தாள்.

வெளிப் படிக்கட்டில் பனியைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். ரொட்டியின் தோல் நொறுங்கி மடியில் விழுந்தது. எள்ளை விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தான். ஏப்ரலில் சாப்பிட்டதுபோலவே இருக்கிறதா, அதைவிட நன்றாக இருக்கிறதா, குளிரில் பசித்துச் சாப்பிடுவதால் அப்படித் தோன்றுகிறதா என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை. தீர்மானிக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.

அடுப்பருகிலிருந்து நுன்ஸியோ கத்தினான், "யோவ், எப்படி இருக்கு?"

"அவன்கிட்ட கேக்காதே!" என்றாள் ஃபிலோமினா. "அவன் காதோட சொன்னாலும் ஊருக்கே கேக்கும்."

"மிஸ் ஃபில்," என்றான் ரூஃபஸ், "நான் எழுதணும். என் கைப்பேசிப் பக்கத்துல இப்ப இருக்கறது பொய்யாப் போச்சு."

"எழுதினே, உன் விரல இந்த மெஷின்ல சீவிடுவேன்."

"நாற்பதாயிரம் பேர் நல்லா இல்லன்னு நினைச்சுட்டிருக்காங்க."

"நினைக்கட்டும்." அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். மேடையின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "பேட்ஸி அரை மணியில வந்துட்டுப் போறா. நுன்ஸியோ ராத்திரி கை வலிக்காம படுக்கறான். காலையில எழுந்திருக்கறப்ப எனக்குப் பயமா இல்ல. உனக்கு அந்தப் பக்கம் சுத்தமா இருக்கணும், அவ்வளவுதானே? இதுக்காக அதுல ஒரு கறை இருந்துட்டுப் போகட்டுமே. உன்னால முடியாதா?"

ரூஃபஸ் அவளைப் பார்த்தான். கோபம் தீர்ந்துவிட்டதா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவள் பார்வையை எடுக்கவில்லை. அவள் நிஜமாகவே பதில் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"முடியும்" என்றான்.

அப்படிச் சொல்லிவிட்டானே தவிர, லேசாக இல்லை. கசிவே இல்லாத அடுப்பில் 'பயன்படுத்தாதே' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வந்ததுபோல அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. யாராவது அந்தப் பதிவின் கீழே, 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்பார்கள். அவன் பதில் எழுத ஆரம்பிப்பான், அழிப்பான். இவெட்டிடம் சொன்னான். "ரத்தப் பரிசோதனையில இப்படிப் பண்ண முடியாது" என்றாள் அவள். "ஆனா இது ரத்தம் இல்லையே."

அவன் மாற்றிக்கொண்டது ஒரே ஒரு விஷயம். இனிமேல் கடையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் நேராகப் போய்க் கேட்பது என்று வைத்துக்கொண்டான். இத்தாலியர் தெருவில் ஒரு கிழவர், "எழுதாதே, எனக்கு முட்டி வலி" என்றார். மீன் வறுவல் விற்கிற இரண்டு சகோதரிகள் ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், அதற்கப்புறம் சொல்லவே இல்லை. பக்கத்தில் பதிவுகள் குறைந்தன. 'பர்னெலுக்கு வயசாகிவிட்டது' என்று யாரோ எழுதினார்கள்.

மே மாதம் வாஷிங்டன் அவென்யூவில், டயர்க் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் ஒரு வியட்நாமியக் கடையில் சாண்ட்விச் வாங்கினான். திருமதி லுவாங் என்ற பெண்மணி நடத்துகிற கடை. மொறுமொறுவென்ற ரொட்டியில் வறுத்த இறைச்சி, ஊறவைத்த கேரட், கொத்துமல்லி, கண்ணில் தண்ணீர் வரவைக்கிற பச்சை மிளகாய். சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தான்.

"அம்மா, நான் சாப்பாட்டைப் பத்தி எழுதறவன். நாற்பதாயிரம் பேர் படிக்கறாங்க. இதப் பத்தி எழுதினா கூட்டம் வரலாம். நிறையவே வரலாம். ஒரு நாளைக்கு உங்களால எத்தனை போட முடியும்? ரொட்டி யாரு தர்றாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல."

திருமதி லுவாங் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ வரி கட்டச் சொல்ல வந்த ஆள் என்று நினைத்துவிட்டாள்போல. பிறகு விஷயம் புரிந்ததும் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குக் கேக்கறே? எழுது! ரெண்டு புள்ளைங்க காலேஜுல, மூணாவது பல் டாக்டருக்குப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. பெரிசா எழுது!"

"கூட்டம் தாங்க முடியாமப் போனா?"

"தாங்க முடியலன்னா உன்னைக் கூப்பிட்டுத் திட்டறேன். நம்பர் எழுதிக் குடுத்துட்டுப் போ." சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் மேடையைத் துடைத்தாள், முன்னால் கிடந்த அட்டைப் பெட்டிகளைக் காலால் உள்ளே தள்ளினாள், சமையலறைப் பக்கம் திரும்பித் தன் மொழியில் எதையோ உரக்கச் சொன்னாள். முகமெல்லாம் வியர்வையோடு அவள் கணவர் வெளியே வந்தார். அவர் சட்டைக் காலரை அவளே சரிசெய்துவிட்டு, பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"சாண்ட்விச்சை மட்டும்தான் எடுக்கறது வழக்கம்" என்றான் ரூஃபஸ்.

"எங்களையும் எடு" என்றாள் அவள்.